ஐந்து அங்குலம்

முதலில் எஞ்சினை வாங்கிவிட்டோம்.
அதுதான் பிழை.
மர்ஜானின் மச்சான் கடனுக்குப் பதிலாகத் தந்தது,
பதினைந்து குதிரை, நீளக் கால்.
கொட்டாஞ்சேனையில் என் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில்
ஆறு மாதம் சாக்குப் போர்த்தி நின்றது,
போக மனமில்லாத விருந்தாளி போல.
கைப்பிடியை வாங்கிவிட்டுக்
கதவு தேடி அலைகிறவர்களை
நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள்.
நாங்கள்தான் அது.

மட்டக்குளியில் டயர்க் கடைக்குப் பின்னால்
பிரேமதிலகவின் வளவு.
இரண்டு படகுகள் கவிழ்ந்து கிடந்தன,
வெயிலுக்கு வயிறு காட்டி.

ஒன்று கூரடி.
அணியத்தில் கத்தியாய் இறங்கிக்
கடையால்வரை மழுங்காமல் ஓடிய கூர்.
மர்ஜான் அதைத் தடவிய விதத்தில்
விலை அங்கேயே இருபதாயிரம் ஏறிற்று.
மற்றது தட்டையடி.
பலசரக்குக் கடைத் தராசுத் தட்டின்
ஒரு நுனியை மட்டும் நிமிர்த்திவிட்டாற் போல.

மகளின் கணிதப் பெட்டியிலிருந்து
பாகைமானியைத் தூக்கி வந்திருந்தேன்.
கடையாலில் வைத்துப் பார்த்தேன்:
அதில் பதினெட்டுப் பாகை, இதில் மூன்று.
வில்லை தீட்டுகிறவனுக்கு
இரண்டு பாகை பிசகினால் யாரோ ஒருவருக்குத் தலைவலி.
இது பதினைந்து.
ஒன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம்.

"முகத்துவாரத்தில், கடல் ஆற்றுக்குள் ஏறுகிற இடத்தில்
உன்னுடைய தட்டு பல்லைக் கழற்றும்" என்றான்.
"கொடுவா இழுக்கிற நேரம்
ரெண்டு பேரும் ஒரே பக்கம் எழும்பினால்
உன்னுடைய கத்தி நம்மை மீனுக்கு ஊட்டும்" என்றேன்.
இரண்டும் உண்மை. தொல்லையே அதுதான்.
பிரேமதிலக இடையில் புகுந்து,
"நீங்க ரெண்டு பேரும் எத்தன கிலோ?" என்றார்.
அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு பின்பலகை.
ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டினேன்.
தட்டையடி, டக், டக்.
கூரடி இடப்பக்கம் டக்.
வலப்பக்கம்
தொப்.
இன்னொரு முறை. தொப்.
புதுப் பெயின்ற் பூசிய ஃபைபர் தோலுக்குள்
ஒட்டுப்பலகை
தேநீரில் மறந்துபோன விசுக்கோத்தாகி இருந்தது.
பிரேமதிலக மேகம் பார்த்தார்.
மர்ஜான் தடவிய கையை
காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

தட்டையடியின் பின்பலகை கல்.
ஆனால் உயரம் பதினைந்து அங்குலம்,
எஞ்சினின் கால் இருபது.
மேலே பலகை கட்டி உயர்த்தலாம்,
பன்னிரண்டாயிரம் என்றார்.
சல்லி படகோடு முடிந்திருந்தது.
தொங்கினால் தொங்கட்டும் என்று ஏற்றி வந்தோம்.

முதல் ஞாயிறு. காக்கைதீவுப் பக்கம்
மேட்டு மணலை இரண்டு முறை உழுதோம்.
அது பரவாயில்லை.
ஆழத்துக்கு வந்து முறுக்கியதும்
படகு எழும்பி ஓடியது, பின்னால்
எங்கள் வெள்ளைத் தடம் அழகாக விரிந்தது.
"அந்தா பாய்ந்தது!" என்று மர்ஜான் கத்த
ஒரே அடியாக எஞ்சினை நிறுத்தினேன்.

நாங்கள் நின்றோம்.
தடம் நிற்கவில்லை.
இவ்வளவு நேரம் துரத்தி வந்தது
தாழ்ந்த பின்பலகையைத் தாண்டி
அவசரமில்லாமல் உள்ளே வந்து
என் மடியில் அமர்ந்தது.
பாண் மிதந்தது. பற்றரி மூச்சை விட்டது.
இறால் வாளியால் முக்கால் மணித்தியாலம் இறைத்தோம்.
எதிரே வரும் அலைக்கு எத்தனை பாகை என்று
அவ்வளவு கதைத்த இருவரும்
ஒரு சொல் கதைக்கவில்லை.

இப்போது பின்பலகைக்கு மேல்
ஐந்து அங்குலத் தேக்குத் துண்டு,
நிறம் பொருந்தாமல்.
நிறுத்தும் முன் மெதுவாக்குகிறேன்,
மர்ஜான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறான்.
கொடுவா இன்னும் அகப்படவில்லை.

பாகைமானி எங்கே என்று மகள் கேட்கிறாள்.
நாளை சோதனையாம்.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டாயிற்று,
இறால் மணம் போகவில்லை.